மேசையில் ஆறு வயர்: மடிக்கணினிக்கு ஒன்று மட்டும் போதுமா?

ரெங்கம்வாசி

வணக்கம். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடு, வேலை ஜொகூர் பாருவில். வாரத்தில் பாதி நாள் அலுவலகம், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரோரம்தான் என் மேசை. அதை விட்டால் வேறு இடம் கிடையாது.

கம்பெனி கொடுத்த 14 அங்குல மடிக்கணினி. அதில் மாட்டியிருப்பவை: சார்ஜர், மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ, விசைப்பலகை, மவுஸ், வெப்கேம், அப்புறம் டிவிக்குப் பின்னால் இருக்கும் ரௌட்டரிலிருந்து சுவரைச் சுற்றி வரும் லேன் வயர். ஆறு. அலுவலகம் போகிற நாளில் விடியற்காலையில் ஆறையும் கழற்ற வேண்டும், திரும்பி வந்து ஆறையும் மாட்ட வேண்டும்.

அது கூடப் பரவாயில்லை. மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் போதும், அம்மா வந்து "எல்லாத்தையும் அடைச்சுப் பிடுங்கு" என்று நின்றுவிடுவார். தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலிருந்தே இடி என்றால் அவருக்கு விளையாட்டில்லை. நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பேன், அவர் மேசைக்கு அடியில் குனிந்து எந்த வயர் எது என்று தேடிக்கொண்டிருப்பார்.

மானிட்டர் 24 அங்குலம், முழு எச்டி. பின்னால் எச்டிஎம்ஐயும் பழைய விஜிஏயும்தான். நன்றாக ஓடுகிறது, மாற்ற மனமில்லை. ஒரே வயரில் எல்லாம் ஓடுவதாகக் காணொளிகளில் காட்டுகிறார்களே, 300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என் மேசையிலும் அப்படிச் செய்ய முடியுமா?

கூலிம் ஷிப்ட்டு

முடியும். 300 கூடத் தேவைப்படாது. ஆனால் கடைக்குப் போகும் முன் மடிக்கணினியின் ஓரத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

யூஎஸ்பி-சி போர்ட் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், செய்யும் வேலை வேறு. சிலது டேட்டா மட்டும் அனுப்பும். சிலது சார்ஜும் ஏற்றும். சிலதில் படமும் போகும். உங்களுக்கு மூன்றும் செய்யும் போர்ட் வேண்டும். பக்கத்தில் பொடியாக ஓர் அடையாளம் இருக்கலாம். டி எழுத்தும் பி எழுத்தும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், அதாவது படம் போகும். மின்னல் கீற்று அம்புக்குறியோடு இருந்தால் தண்டர்போல்ட், அதிலும் படம் போகும். அடையாளமே இல்லையென்றால் முடியாது என்று அர்த்தமில்லை, பல கம்பெனிகள் அச்சிடுவதே இல்லை. மாடல் எண்ணைப் போட்டு விவரக்குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' (படத்துக்கு), 'பவர் டெலிவரி' (சார்ஜுக்கு) இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போதைய சார்ஜரின் முனை வட்டமா, சி-யா? எத்தனை வாட்?

செம்பனை நிழல்

இதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு? மேசைக்கு அடியில் ஒரு ட்ரே அடித்து எல்லா வயரையும் அதில் போட்டுக் கட்டிவிட்டால் கண்ணில் படாது. மிஸ்டர் டிஐஒய்யில் வாங்கிய சாமானை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். காசை மிச்சம் பண்ணுங்கள்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

செம்பனை, நீங்கள் சொல்வது மறைப்பது. அவர் கேட்பது குறைப்பது. வயரை ட்ரேயில் கட்டி வைத்தால், தினமும் கழற்றி மாட்டுகிறவருக்கு வேலை கூடத்தானே செய்யும்? வீட்டை விட்டு நகராத கணினிக்கு உங்கள் வழி சரி.

ரெங்கம்வாசி

பார்த்துவிட்டேன். சார்ஜர் சி முனை, 65 வாட். இடது பக்கம் இரண்டு சி போர்ட், இரண்டிலும் சார்ஜ் ஏறுகிறது. உள்பக்கத்தில் இருப்பதற்கு அருகே நீங்கள் சொன்ன டி-பி அடையாளம் இருக்கிறது. இன்னொன்றில் எதுவும் இல்லை.

கூலிம் ஷிப்ட்டு

அப்படியானால் வேலை சுலபம். அந்த உள்பக்க போர்ட்தான் உங்கள் போர்ட்.

மூன்று வழி இருக்கிறது. யூஎஸ்பி-சி மானிட்டர் வாங்கினால், ஒரே வயரில் படமும் வரும், மானிட்டரே மடிக்கணினிக்குச் சார்ஜும் கொடுக்கும். எல்லாவற்றிலும் சுத்தமான வழி, ஆனால் உங்கள் தொகைக்குள் வராது, இருக்கிற மானிட்டரும் வீணாகும். இரண்டாவது டாக். சொந்த மின்சாரத்தோடு வரும் பெட்டி. இரண்டு மூன்று மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது தகும், உங்களுக்கு அதிகம். மூன்றாவது ஹப். உள்ளங்கை அளவு, எச்டிஎம்ஐ, லேன், யூஎஸ்பி, அப்புறம் சார்ஜரை மாட்ட ஒரு சி போர்ட். உங்கள் சார்ஜரை ஹப்பில் மாட்டிவிடுங்கள், ஹப்பிலிருந்து ஒரு வயர் மடிக்கணினிக்கு. முடிந்தது.

வாங்கும்போது இதை மட்டும் பாருங்கள். சார்ஜ் போர்ட்டில் 'பிடி 100 வாட்' (பிடி என்றால் பவர் டெலிவரி) என்று இருந்தால் நல்லது. ஹப் தன் பங்குக்கு 10, 15 வாட் எடுத்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜரில் மடிக்கணினிக்கு 50 சொச்சம் போகும், எக்செல், மீட்டிங் எல்லாவற்றுக்கும் தாராளம். வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலை என்றால்தான் கவலை.

எச்டிஎம்ஐயில் '4கே 30 ஹெர்ட்ஸ்', அதாவது முழு எச்டியை விட நுணுக்கமான 4கே படத்தை நொடிக்கு 30 தடவை மட்டும் புதுப்பிக்கும், என்று போட்டிருக்கும் மலிவு ஹப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் முழு எச்டி திரையை அது 60இல் ஓட்டும். ஆனால் பின்னால் 4கே மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே '4கே 60' ஹப்பாக எடுங்கள். 4கே திரையை 30இல் ஓட்டினால் மவுஸ் அம்பு திரையில் தத்தித் தத்திப் போகும், ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் தலைவலி.

அடுத்த ரயில்

அண்ணே, நடுவில் ஒரு கேள்வி. என்னிடம் எம்1 மேக்புக் ஏர். ஹப்பில் இரண்டு எச்டிஎம்ஐ இருப்பதை வாங்கி மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வருகிறது. ஹப் கோளாறா?

கூலிம் ஷிப்ட்டு

ஹப்பைக் குறை சொல்லாதீர்கள். எம்1, எம்2 ஏர் இரண்டும் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் ஓட்டும். எம்3 ஏர் மூடியை மூடி வைத்தால் இரண்டு ஓட்டும். உங்களுக்கு இரண்டாவது திரை கட்டாயம் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர் வேண்டும். அது படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பும், மென்பொருள் ஒன்றும் போட வேண்டும். எழுத்து, அட்டவணை எல்லாம் நன்றாக வரும். விளையாட்டுக்கு ஆகாது.

வயர்மேன் தாப்பா

தம்பி ரெங்கம், மேலே எல்லாரும் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு உங்கள் அம்மா சொன்னதுதான் முக்கியமாகப் படுகிறது. அவர் செய்வது சரி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இடி உங்கள் கூரை மேல் விழ வேண்டும் என்றில்லை. தூரத்தில் மின்கம்பியில் விழுந்தாலும் அந்த அதிர்வு கம்பி வழியே வீட்டுக்குள் வரும். நம் நாட்டில் பிற்பகல் இடிமழை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். "சுவிட்சை அடைத்துவிட்டேன், போதாதா" என்று கேட்பார்கள். போதாது. பல சாக்கெட் சுவிட்சுகள் லைவ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலும் எர்த்தும் அப்படியே தொட்டுக்கொண்டிருக்கும். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளியோ சில மில்லிமீட்டர். ப்ளக்கைப் பிடுங்கினால்தான் பிடுங்கினது.

சர்ஜ் ப்ரொடெக்டர் (மின் அதிர்வுத் தடுப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் நல்லதுதான், ஆனால் அதுவும் சிரஞ்சீவி இல்லை. உள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்னச் சாமான் ஒவ்வோர் அதிர்வையும் வாங்கி வாங்கித் தேயும். காக்கும் பகுதி செத்த பிறகும் எக்ஸ்டென்ஷனில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. காட்டி விளக்கு இருக்கும் ரகமாக வாங்கி, விளக்கு அணைந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டு எர்த் சரியில்லை என்றால் அந்தச் சாமானால் பெரிய பயனில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். பழைய வீடென்றால் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். மானிட்டர், மடிக்கணினி சார்ஜர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். அந்த எக்ஸ்டென்ஷனின் ப்ளக் மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கக் கூடாது. சுவரில், இடுப்பு உயரத்தில், அம்மா குனியாமல் பிடுங்குகிற இடத்தில் சாக்கெட் இருந்தால் அதில் சொருகுங்கள். லோடு பற்றிக் கவலை வேண்டாம். சார்ஜர் 65 வாட், மானிட்டர் 30 வாட் அளவு. 13 ஆம்பியர் ப்ளக் 230 வோல்ட்டில் 3,000 வாட் வரை தாங்கும். அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டில், இஸ்திரிப் பெட்டி மட்டும் சேர்க்காதீர்கள். சிரிம் (தரச் சான்று) ஒட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று. இரண்டு பின் சார்ஜரை எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி மூன்று பின் சாக்கெட்டில் திணிப்பதை இன்னும் வீடு வீடாகப் பார்க்கிறேன். வேண்டாம் சாமி.

கூலிம் ஷிப்ட்டு

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹப் வைத்தால் இடி நேரத்தில் இன்னொரு லாபம். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. அந்த ஒற்றை வயரைக் கழற்றிவிட்டால் வீட்டுக் கரண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மீட்டிங் பாட்டுக்கு வைஃபையில் ஓடும், அம்மா சுவரில் பிடுங்கட்டும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் மடிக்கணினியிலிருந்து ஹப், பிறகு சுவர் ப்ளக். மாற்றிச் செய்தால், சார்ஜ் போன அந்த நொடியில் பல ஹப்கள் ஒரு தடவை அணைந்து எழும். மானிட்டர் கறுத்துத் திரும்ப வரும், அதில் ஒன்றுமில்லை. ஹப்பில் பென்டிரைவ் மாட்டி ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு கெட்டுப்போகலாம்.

செம்பனை நிழல்

வைஃபையில் ஓடும் என்றால் லேன் வயர் எதற்கு? அதையும் தூக்கி எறியுங்கள். ஹாலைச் சுற்றி வருகிற வயர்தான் இருப்பதிலேயே அசிங்கமானது.

வயர்மேன் தாப்பா

இதில் செம்பனையோடு நான் ஒத்துப்போகிறேன். முன்பு செம்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் இடிக்கு மோடம் போவது சகஜம். இப்போது ஃபைபர், கண்ணாடி இழை, அது வழியாகக் கரண்ட் வராது. ஆனால் ரௌட்டரின் சார்ஜர் வழியாக வரும், அங்கிருந்து லேன் வயரின் செம்பில் ஏறி மடிக்கணினி வரை வரும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு லேன் வயரை மறந்துவிட்டு மதர்போர்டைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கூலிம் ஷிப்ட்டு

நான் ஒத்துப்போகவில்லை. இரவு ஷிப்ட்டில் விபிஎன் (வெளியிலிருந்து கம்பெனி வலைக்குள் போகும் பாதுகாப்பான வழி) வைத்துத் தொழிற்சாலைக் கணினியைப் பார்க்கிறவன் நான், வைஃபை ஒரு நொடி தடுமாறினாலும் திரும்ப உள்ளே போக வேண்டும். லேன் வயரை மடிக்கணினியில் மாட்டாமல் ஹப்பில் மாட்டினால் ஒற்றை வயரைக் கழற்றும்போது அதுவும் சேர்ந்து விலகிவிடும். கழற்றிய பிறகு இடி வந்து போனாலும் ஹப்தான் போகும், மடிக்கணினி போகாது.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

அவருடைய ரௌட்டர் அதே ஹாலில் இருக்கிறது. நடுவில் சுவர் கூட இல்லை. ஒரு வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டு ஒரு வாரம் பார்க்கட்டும், தடுமாறினால் லேனை ஹப்புக்குக் கொண்டு வரட்டும். சண்டை எதற்கு?

என் கதை வேறு. பள்ளி வேலைக்கு வைத்திருப்பது பழைய மடிக்கணினி. சி போர்ட் ஒன்று இருக்கிறது, டேட்டா மட்டும். ஹப் வாங்கி மாட்டினால் படம் வராது என்று இந்த உரையாடலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், வாங்குவதற்கு முன்னாலேயே! அதனால் எச்டிஎம்ஐ ஒன்று, சார்ஜர் ஒன்று, விசைப்பலகைக்கும் மவுசுக்கும் சேர்த்து ஒரு சாதாரண யூஎஸ்பி ஹப் ஒன்று. மூன்று வயர். மூன்றின் முனைகளையும் ஒரு வெல்க்ரோ பட்டையில் சேர்த்துக் கட்டி மேசை விளிம்பில் ஒட்டிவிட்டேன், கையை நீட்டினால் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். எனக்கு இதுவே போதும்.

அடுத்த ரயில்

டீச்சர், வெல்க்ரோ ஏன், கேபிள் டை போட்டு இறுக்கினால் இன்னும் அழகாக இருக்குமே?

தமிழ்ப்பள்ளி டீச்சர்

அடுத்த மாதமே ஒரு வயரை மாற்ற வேண்டி வரும், அப்போது கத்தரிக்கோலைத் தேடுவாய். இறுக்கிக் கட்டினால் முனைக்குப் பக்கத்தில் வயர் மடங்கி உள்ளே அறுந்தும் போகும்.

வயர்மேன் தாப்பா

வயரையும் சார்ஜரையும் மூடிய பெட்டிக்குள் அடைக்கிற பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. சார்ஜர் தானே சூடாகிற சாமான், மூடினால் சூடு வெளியே போக வழியில்லை. மூடிய இடமென்றால் எறும்புக்கும் கொண்டாட்டம். எக்ஸ்டென்ஷன் ஓட்டைக்குள் மண்ணும் முட்டையுமாகக் கூடு கட்டி வைத்திருந்ததைத் தட்டிக் கொட்டியிருக்கிறேன். பல்லி எச்சம் தனி. திறந்த கம்பி ட்ரே நல்லது, தூசி தட்டவும் எளிது.

ரெங்கம்வாசி

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை குளுவாங் போய் ஹப் வாங்கி வந்தேன், 4கே 60 ரகம், 140 வெள்ளி. இப்போது மேசை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

மானிட்டரின் காலுக்குப் பின்னால், மேசையின் அடிப்பலகையில் ஹப்பை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருக்கிறேன். சார்ஜர், எச்டிஎம்ஐ, வெப்கேம் மூன்றும் அதில் நிரந்தரமாக மாட்டியிருக்கின்றன, தொடுவதே இல்லை. விசைப்பலகையும் மவுசும் வயர் இல்லாத ஜோடியாக மாற்றிவிட்டேன், சின்ன ரிசீவரும் ஹப்பிலேயே. லேன் வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டேன், டீச்சர் சொன்ன மாதிரி வைஃபையில் பார்க்கிறேன். ஹப்பின் குட்டை வால் மேசையின் இடது விளிம்பில் எட்டிப் பார்க்கிறது. அது ஒன்றுதான் மடிக்கணினிக்குப் போகிறது.

அம்மாவுக்கு எக்ஸ்டென்ஷன் ப்ளக்கில் சிவப்பு டேப் சுற்றிக் கொடுத்தேன். சாமி மேடை விளக்குக்கான ப்ளக் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இனி அதை மாற்றிப் பிடுங்க மாட்டார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஹப் தொட்டால் சுடுகிறது. இரண்டு, மவுஸ் அவ்வப்போது திக்குகிறது. பழைய வயர் மவுஸ் இப்படிச் செய்ததில்லை.

கூலிம் ஷிப்ட்டு

சூடு இயல்பு. 50, 60 வாட் அந்தச் சின்ன உலோகப் பெட்டி வழியே போகிறது. கை வைக்க முடியாத சூடு என்றால்தான் மாற்றிக் கேளுங்கள். டேப் இளகி ஹப் கீழே விழ வாய்ப்பு உண்டு, ஒரு வெல்க்ரோ பட்டையும் சேர்த்துப் போடுங்கள்.

மவுஸ் திக்குவதற்குக் காரணம் ரிசீவர் இருக்கும் இடம். யூஎஸ்பி 3 போர்ட்டும் வயரும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், மவுஸ் ரிசீவரும் அதே அலைவரிசைதான். இது பழைய சங்கதி, இண்டெல் 2012இலேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை ஹப்பிலிருந்து எடுத்து மடிக்கணினியின் வலது பக்கத்தில் சொருகுங்கள். நகம் அளவு சாமான், பையில் போட்டாலும் அப்படியே இருக்கட்டும். மவுசில் புளூடூத் இருந்தால் ரிசீவரே வேண்டாம். புளூடூத்தும் 2.4தான், ஆனால் நெரிசலைக் கண்டால் இடம் மாறி மாறித் தாவும், அதனால் அநேகமாகச் சமாளித்துவிடும்.

செம்பனை நிழல்

ஹப்பின் வால் குட்டையாக இருக்கிறது என்கிறீர்கள். என் கைப்பேசிச் சார்ஜ் வயர் இரண்டு மீட்டர், சி முனைதான். வால் கழற்றுகிற ரகம் என்றால் அதைப் போடலாமே?

கூலிம் ஷிப்ட்டு

போட்டால் சார்ஜ் ஏறும், படம் வராது. கைப்பேசியோடு வரும் வயர் பலவும் உள்ளே யூஎஸ்பி 2தான், படம் போகும் இழைகளே அதில் இருக்காது. வேறு வயர் வாங்குவதானால் படம் போகும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் 5 ஆம்பியர் வயராகவும் இருக்க வேண்டும். நீளம் கூடக் கூட விலையும் கூடும், வம்பும் கூடும். குட்டை வால் நல்லதுதான்.

ரெங்கம்வாசி

ரிசீவரை வலது பக்கம் மாற்றினேன், திக்கல் போய்விட்டது. நேற்று மாலை இடியிலும் சோதித்தாகிவிட்டது. வாலைக் கழற்றினேன், அம்மா சிவப்பு ப்ளக்கைப் பிடுங்கினார், மீட்டிங்கில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ரௌட்டரையும் பிடுங்கிவிட்டார், அது வேறு விஷயம். கைப்பேசி டேட்டாவுக்கு மாற வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒன்று. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு மானிட்டரில் மட்டும் வேலை பார்க்கலாமா? மேசையில் இடம் மிச்சமாகும்.

கூலிம் ஷிப்ட்டு

பார்க்கலாம். விண்டோஸ் பவர் அமைப்பில், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், சார்ஜில் இருக்கும்போது 'எதுவும் செய்யாதே' என்று மாற்றுங்கள். பேட்டரியில் இருக்கும்போது உள்ளதைத் தொடாதீர்கள். தொட்டால் பைக்குள் போன பிறகும் ஓடிக்கொண்டே சூடாகும். ஆனால் இடி நேரத்தில் வாலைக் கழற்றினால், மூடிய மடிக்கணினி அங்கேயே தூங்கிப்போகலாம், மீட்டிங்கும் அதோடு சரி. உங்கள் வீட்டு நிலவரத்துக்குத் திறந்தே வைப்பதுதான் நல்லது.

ரெங்கம்வாசி

சரி, திறந்தே இருக்கட்டும். அப்படியானால் மடிக்கணினியின் சொந்தக் கேமராவே போதும், வெப்கேமும் அதன் வயரும் தேவையில்லை. 40 வெள்ளிக்குக் கொடுக்கிறேன், யாருக்காவது வேண்டுமா?

தமிழ்ப்பள்ளி டீச்சர்

எனக்கு வேண்டும். என் மடிக்கணினியின் கேமரா மங்கல். 30 என்றால் சனிக்கிழமை குளுவாங் ரயில் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ரெங்கம்வாசி

35, டீச்சர். அந்த லேன் வயரையும் சேர்த்துத் தருகிறேன்.